மிதக்கிற ரோடு ரோலர்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா எழுதியிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டுவிடாதே. கை அவளுடையது, வாய் என்னுடையது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா? போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

ஒரு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. கோபம் ஆறிவிட்டதா என்றால், இல்லை. நான் மறக்கிற ஆளில்லை. போன வருஷம் இதே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமோ இரவல் வாங்கின டிங்கியில், அந்தச் சின்னப் பாய்ப்படகில், அவளை ஏற்றினாய். வெள்ளைப் படகு, பாயில் நீலக் கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு ஒட்டு. நீ சொன்னது இது: "ஒண்ணும் ஆகாதுக்கா, சைக்கிள் மாதிரிதான், நான் பாத்துக்கறேன்." நான் கரையில் நின்று கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாயில் போடுவதற்குள் படகு குப்புறக் கிடக்கிறது. அவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் செருப்பு ஜோடியாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஏதோ நடந்து போகிற மாதிரி மிதந்து போனது. நீ மார்பளவு தண்ணீரில் நின்று சிரித்தாய். கவிழ்த்தது கூடப் பரவாயில்லை. சிரித்தாயே, அதுதான் இன்னும் எரிகிறது.

உன் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் ஏரி நடுவே மரம் அடர்ந்த ஒரு திட்டு தெரியும். "ஒரு தடவ அங்க போய் சும்மா உக்காந்துட்டு வரணும்" என்று அவள் எத்தனை வருஷமாகச் சொன்னாள் என்று உனக்கும் தெரியும். அன்றைக்குப் புறப்பட்டதும் அங்கேதான். அதற்கப்புறம் அந்தத் திட்டு அவள் வாயில் வரவில்லை. பஸ் பாலத்தின் மேல் போனால் கூட முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். (எழுது, நிறுத்தாதே. நடந்ததைத்தானே சொல்கிறேன்.)

ஆகவே நான் ஒரு படகு வாங்கப் போகிறேன். டிங்கி இல்லை, கீல் படகு. அடிவயிற்றிலிருந்து தண்ணீருக்குள் இரும்புக் கனம் இறங்கியிருக்குமே, அது. பெரிதாக வேண்டாம், மூன்று நாலு பேர் உட்கார்ந்து, ஒருத்தர் காலை நீட்டிப் படுக்கிற அளவு போதும். அதில் அவளை உட்காரவைத்து, கையில் டீ கொடுத்து, அந்தத் திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். உன்னிடம் யோசனை கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன்.

உன் அக்கா புருஷன்


பிப்ரவரி 16

அத்தானுக்கு வணக்கம்.

ஒரு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் "நல்லா இருக்கியா" என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். எந்த மழையிலும் ஒரு தபாலை நனைய விட்டதில்லை. நான் நனைய விட்டது என் அக்காவை மட்டும்தான், அதையும் நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.

கீல் படகு என்றால் என்னவென்று விசாரித்தீர்களா? அது ஆழம் கேட்கும். கரையில் இழுத்துப் போட முடியாது, தண்ணீரிலேயே கட்டிக் காவல் காக்க வேண்டும். வருஷம் ஒரு தடவை கிரேன் வைத்துத் தூக்கி, அடியில் பாசி சுரண்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். யானையைக் குளிப்பாட்டுகிற கதைதான். டிங்கி அப்படியா? நானும் இன்னொருத்தரும் பிடித்தால் மணலில் ஏறிவிடும். முழங்கால் தண்ணீரில் போகும். கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம், கவிழ்வது அதில் ஒரு குற்றமே இல்லை. காற்று என்ன நினைக்கிறது என்று உள்ளங்கையிலேயே தெரியும். நீங்கள் சொல்வது படகே இல்லை அத்தான். அது மிதக்கிற ரோடு ரோலர்.

அன்றைக்குச் சிரித்தேன், வாஸ்தவம்தான். டிங்கி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கவிழ்ந்தால் சிரிப்பார்கள். ஆனால் நீங்கள் கரையில் நின்றவர், நான் படகில் இருந்தவன். பாய்க்கயிறு அக்கா கையில் இருந்தது. காற்று திடீரென்று அடித்தது. "கயிற விடு, கயிற விடு" என்று கத்தினேன். விட்டிருந்தால் பாயில் இருந்த காற்று வெளியே போயிருக்கும். அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கவிழ்ந்தது. யார் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 2

மச்சானுக்கு,

உன் கடிதத்தை அவள் படித்தாள், நான் கேட்டேன். படிக்கிறவர்களுக்குக் காகிதம் இருக்கிறது; எனக்குத் தலைதான் காகிதம். ஒரு தடவை கேட்டால் வரி வரியாக நிற்கும். வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து திருப்பிச் சொல்லட்டுமா?

மிதக்கிற ரோடு ரோலர் என்றாய். திட்டுவதாக நினைத்து எழுதியிருக்கிறாய். அட முட்டாள் மச்சானே, எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்கப் போகிறார்கள்? வேலையில் இருந்தவரை நான் ஓட்டினது ரோடு ரோலர்தானே. தாரில் ஒட்டாமல் இருக்க முன்சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் அதன் மேல் உட்கார்ந்து போவேன். என்னைத் தாண்டாத ஜீவன் கிடையாது. நடந்து போகிறவன் கூடத் தாண்டிப் போய்த் திரும்பிச் சிரிப்பான். சிரிக்கட்டும், அவன் நடக்கிறது நான் சமன் பண்ணின ரோடு. என்ஜின் மூடி மேல் டீ கிளாஸ் வைப்பேன். ஆடும், சிந்தாது. அந்த ஆட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உன் சைக்கிள் கேரியரில் ஒரு டீ கிளாஸ் வைத்துப் பாரேன்.

போன வாரம் உன் ஊருக்கு வந்தேன். உன் தெரு வழியாகத்தான் நடந்தேன். கதவு முன்னே பச்சை, இப்போது நீலம். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது, பின்சக்கரத்தில் காற்றில்லை. நான் கதவைத் தட்டவில்லை. நேராகப் படகுத்துறைக்குப் போனேன்.

அங்கே படகு ரிப்பேர் பார்க்கும் தச்சர் ஒரு பழைய கீல் படகைக் காட்டினார். சிவப்பு உடம்பு, உள்ளே குனிந்து போகிற மாதிரி ஒரு சின்ன அறை, ஸ்டவ் வைக்க ஒரு மூலை. நான் ஓரத்தில் ஏறி நின்று என் முழுக் கனத்தையும் போட்டேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். பெரிய மனுஷனுக்குக் கும்பிடு போடுகிற மாதிரி லேசாகக் குனிந்தது. காலை எடுத்ததும் நிமிர்ந்தது. "இத கவுக்கவே முடியாதா?" என்று கேட்டேன். தச்சர் சொன்னார்: "மனசு வச்சா எதையும் கவுக்கலாம் பெரியவரே. இதுக்கு ரொம்ப மனசு வேணும்." வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. "அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்" என்று நீ எழுதின இடத்தில் அவள் குரல் நின்றது. எனக்குச் சத்தமாகப் படித்துவிட்டு, வாயைத் திறக்காமல் தனக்கு ஒரு தடவை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க, எழுதறேன்" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் இல்லையா? இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் இணைத்துவிட்டு, நடுவில் மூச்சு விடாமல் இருந்தே பழக்கம். ஆனால் அவள் முகத்தை நான் பார்த்தேன்.

மே மாசம் முதல் ஞாயிறு புறப்படுகிறோம். நீ வரவேண்டிய அவசியமில்லை.

உன் அக்கா புருஷன்

(தம்பி, வந்துடு. இவருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே தெரியாது. இந்த வரி நான் எழுதுவது. படித்துக் காட்டப் போவதில்லை.)


மார்ச் 11

அத்தானுக்கு,

வருகிறேன். உங்களுக்காக இல்லை. யாருக்காக என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கினது வாங்கிவிட்டீர்கள், இனி நான் எழுதுவதையாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள். சுக்கான் கட்டை ஸ்டியரிங் மாதிரி இல்லை. கட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் படகின் மூக்கு அந்தப் பக்கம் போகும். காற்று மிஞ்சினால் பாய்க்கயிற்றை விட வேண்டும். உங்கள் ரோலருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சொல்ல மனசில்லாமல் சொல்கிறேன்: சுக்கானைக் கைவிட்டால் அது தானாகவே மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பிக்கொண்டு நிற்கும். கவிழாது. அதனால், என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஒன்றுமே செய்யாதீர்கள். அது உங்களுக்கு நன்றாக வரும்.

அடுத்தது, நீங்கள் தண்ணீரில் விழப் போவது நிச்சயம் என்பதால் எழுதுகிறேன். விழுந்த ஆளைப் பார்த்ததும் நேராக அவன் மேல் படகைத் திருப்பக் கூடாது. அவனைத் தாண்டிப் போக வேண்டும். கண்ணை மட்டும் அவன் மேலிருந்து எடுக்கக் கூடாது. தாண்டி, வளைந்து, மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, அவன் பக்கத்தில் வந்து பாய்க்கயிற்றை விட்டுவிட வேண்டும். பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். கயிறு ஒன்றை அவன் கையில் கொடுக்க வேண்டும். உங்களைத் தூக்குவதற்கு நான் தனியாகக் கிரேனுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அக்காவை இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 20

மச்சானுக்கு,

எனக்கு ஒரு தடவை போதும் என்று சொல்லியும் அவள் இரண்டு தடவை படித்தாள். மறுநாள், "நேத்து சரியா கேட்டீங்களா?" என்று மூன்றாவது தடவை. இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்: தாண்டணும், வளையணும், மூக்கைத் திருப்பணும், கயிறை விடணும். நீ விழுந்தால் பயப்படாதே, நான் இருக்கிறேன்.

வீட்டில் வேறொரு விஷயம். நேற்று கடைக்குப் போய்த் திரும்பினால், சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துடைப்பக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். "என்ன பண்ற?" என்றேன். "முதுகு அரிக்குது" என்றாள். முதுகு அரிக்கிறவள் எதிரே மாட்டியிருக்கிற ஈரத்துணியை ஏன் அப்படி முறைத்துப் பார்க்க வேண்டும்? (எழுத மாட்டேன் என்கிறாள். எழுது. நான் சொன்னது சொன்னபடி போக வேண்டும்.)

அவள் படகில் ஏறப் போவதில்லையாம். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் துறையில உக்காந்து பையப் பாத்துக்கறேன்." எந்தப் பையை? பையில் இருப்பது ஒரு துண்டும் பிளாஸ்க்கும். மச்சான், இந்தப் படகை நான் எதற்கு வாங்கினேன்? அவள் ஏறாவிட்டால் அது எனக்கு வெறும் இரும்பும் துணியும். வற்புறுத்தவும் மாட்டேன், போன தடவை நீ வற்புறுத்தி ஏற்றினாய்.

நீ வா, வேலையைப் பார். "சைக்கிள் மாதிரிதான்" என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் துறையிலேயே இறக்கிவிடுவேன்.

உன் அக்கா புருஷன்


மே 8

அத்தானுக்கு,

மூக்கு ஒழுகுகிறது, காதில் இன்னும் பாதி ஏரி இருக்கிறது. எழுதக் கூடாது என்றுதான் படுத்திருந்தேன். ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் துறையில் எல்லோரிடமும் நீங்கள் உங்கள் மாதிரி கதை சொல்லிவிட்டுப் போனதாகத் தச்சர் வந்து சொன்னார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அக்கா துறையில்தான் நின்றாள். நீங்கள் பிளாஸ்க்கைப் படகுக்குள் வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தீர்கள், அவ்வளவுதான். நான் கட்டுக்கயிற்றை அவிழ்க்கும்போது அவள் செருப்பைக் கழற்றி, பலகையில் ஜோடியாக வைத்தாள். "இந்தத் தடவ இது கரையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள். உங்களுக்குக் கண் கலங்கினதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சுக்கான் என்னிடம் இருந்தது. திட்டின் மரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்த இடத்தில் காற்று ஒரு அறை விட்டது. படகு சாய்ந்தது. "சும்மா இருடா, இது கீல் படகு, தானே நிமிரும்" என்று தலை சொல்வதற்குள் உடம்பு டிங்கி வேலையைச் செய்துவிட்டது. எதிர்ப்பக்கம் முதுகை வெளியே தள்ளிச் சாய்ந்தேன். டிங்கியில் காலை மாட்டிக்கொள்ள வார் இருக்கும். உங்கள் ரோலரில் வார் ஏது? மல்லாக்கப் போய் விழுந்தேன். கவிழாத படகிலிருந்து விழுந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. பார்த்தால், படகு ஜம்மென்று நிமிர்ந்து, மூக்கைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டு, நான் எழுதினபடியே நிற்கிறது. ஆனால் தள்ளி நிற்கிறது. நீங்கள் இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தாண்டணும், வளையணும், மூக்கத் திருப்பணும், கயிற விடணும்" என்று என் கடிதத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தீர்கள். கணீரென்று கேட்டது. அதைத் தவிர அங்கே ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் அக்கா எழுந்து வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். சுக்கான் கட்டையைக் கக்கத்தில் இடுக்கினாள். பாய்க்கயிற்றை இழுத்தாள். படகு கிளம்பியது, என்னைத் தாண்டிப் போனது. எழுதினவன் நானேதான், இருந்தாலும் விட்டுவிட்டுப் போகிறாளே என்றுதான் தோன்றியது. "அக்கா!" என்று கத்தினேன். கண் மட்டும் என் மேலேயே இருந்தது. வளைந்தாள். திரும்பி வந்தாள். மூக்கு காற்றுக்கு ஏறியது, பாய் படபடவென்று அடித்தது, கை எட்டும் தூரத்தில் படகு நின்றது. கயிறு என் முகத்தில் வந்து விழுந்தது.

"இறுக்கிப் பிடி" என்றாள். "இப்ப விடக் கூடாது."

பிப்ரவரியில் நான் எழுதின வரிக்கு மே மாசம் பதில் வந்தது, அத்தான். பிடித்தேன்.

நான் நடுங்குவதைப் பார்த்து நீங்கள் "திரும்பிடலாம்" என்றீர்கள். "எதுக்கு?" என்றாள். திட்டு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். அங்கே போனபின் நான் சொன்னது சரியாயிற்றா இல்லையா? கீல் தட்டும் என்று தள்ளியே நங்கூரம் போட்டு, படகில் உட்கார்ந்தபடி மணலைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோம். டிங்கியாக இருந்தால் அந்த மணலில் போய் உட்கார்ந்திருப்போம். இதை உங்கள் தலைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அக்காவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? தச்சரா?

மச்சான்


மே 15

மச்சானுக்கு,

யார் சொல்லிக்கொடுத்தது என்றா கேட்கிறாய்? நீதான்! நீ எழுதினாய், அவள் படித்தாள். நம் இரண்டு பேர் சண்டையும் அவள் வாய் வழியாகவும் கை வழியாகவும்தானே போய்வந்தது. நான் கேட்டு மனசில் வைத்துக்கொண்டேன். அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, வரிசை கூடத் தவறவில்லை. கை மட்டும் மரத்தை விட்டு வரவில்லை. முதுகு அரிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அந்த ஈரத்துணிதான் நீ. அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பழகியிருக்கிறாள்.

நான் பார்த்ததை நீ தண்ணீருக்குள்ளிருந்து பார்த்திருக்க முடியாது, அதனால் சொல்கிறேன். சுக்கானில் உட்கார்ந்தபோது புடவையை இழுத்துச் செருகினாள், கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கத்தினது ஒன்றும் அவள் காதில் விழவில்லை. அத்தனை வருஷம் ரோலர் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவு பெரிய வண்டியை அப்படி ஒரு இடத்தில், அப்படி அடக்கி, நான் நிறுத்தினதில்லை. உன் மூக்குக்கு முன்னால் நிறுத்தினாள் மச்சான்! (போதும், இதையெல்லாம் எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி. உன் பெருமையை உன் கையாலேயே எழுத வைக்கிறேனே என்று சிரித்தேன், முறைக்கிறாள்.) இங்கே மாடிவீட்டுக்காரர், பால்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பல் டாக்டர், எல்லோருக்கும் சொல்லியாயிற்று. டாக்டர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

டீ சிந்தியது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீ சொல்வதற்கு முன். பாதி பிளாஸ்க் போய்விட்டது. ஆனால் படகு நின்றது. நாம் அன்றைக்கு டிங்கியில் போயிருந்தால் மூன்று பேரும் தண்ணீரில், கயிறு போட ஆளில்லை. அதனால்தான் கீல் படகு. இதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

ஆனால் மணல் விஷயத்தில் நீ சொன்னது நியாயம். அவளும் அதையேதான் சொல்கிறாள். திட்டைப் பார்த்தது போதாதாம், இறங்கி உட்கார வேண்டுமாம். ஆகவே அவள் முடிவு செய்தது: அடுத்த மாசம் போகும்போது நீ இரவல் வாங்குகிற அந்த டிங்கியை நம் படகின் பின்னால் ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். நங்கூரம் போட்டபின் அதில் இறங்கி மணலுக்குப் போவாள். பாய்க்கயிற்றை அவள்தான் பிடிப்பாளாம். எப்போது விட வேண்டும் என்று இப்போது தெரியுமாம். உன் சைக்கிள் என் ரோலருக்குப் பின்னால் வருகிறது என்று நினைக்கும்போதே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது.

டிங்கியில் நீங்கள் அக்காவும் தம்பியும் போனால், கீல் படகில் மீதி இருப்பது நான் ஒருத்தன். நீங்கள் கவிழ்ந்தால் வந்து எடுக்க வேண்டியவனும் நான்தான். ஆகவே நாலு நாளாக ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். துடைப்பக்கட்டை என் கக்கத்தில். ஈரத்துணி எதிரே தொங்குகிறது. அவள் அடுப்புப் பக்கம் நின்று, கையில் கரண்டியோடு, திடீர் திடீரென்று "காத்து!" என்று கத்துகிறாள். கட்டையை எந்தப் பக்கம் தள்ளினாலும், "அந்தப் பக்கம் இல்ல" என்கிறாள். நேற்று ஒரு தடவை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே?" என்று கேட்டார். முதுகு அரிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன் அத்தான்